இருமல் மருந்தும் இளையோரும்

கொங்கு நாட்டில் நொய்யலாற்றின் கரையில் அமைந்துள்ளது திருப்பூர் மாநகரம். முன்னாளில் பருத்திச் சந்தையாக விளங்கிய இவ்வூர், பின்னலாடைத் தொழிலால் இன்று உலகெங்கும் பெயர் பெற்றுள்ளது. இந்தியாவினின்று பிற நாடுகளுக்குச் செல்லும் பின்னலாடைகளில் பாதிக்கு மேற்பட்டவை இவ்வட்டாரத்திலேயே உருவாகின்றன. பல்லடம், அவிநாசி, ஊத்துக்குளி, காங்கேயம் என எத்திசை நோக்கினும் நூற்பாலைகளும், பின்னல் நிலையங்களும், சாயப்பட்டறைகளும், பனியன் கம்பெனிகளும் காணப்படும். தமிழ்நாட்டின் தென் மாவட்டங்களிலிருந்தும், ஒடிசா, பீகார், சார்க்கண்டு, அசாம் முதலிய தொலை மாநிலங்களிலிருந்தும் வேலை நாடி வந்தோர் இங்கே பல்லாயிரவர். அவர்களுள் மீசை அரும்பாத இளைஞரும், பள்ளிப் பருவம் இப்பொழுதுதான் கழிந்த பெண்களும் உளர்.

பஞ்சு உள்ள இடத்தில் தூசி உண்டு. தூசி உள்ள இடத்தில் இருமலும் உண்டு. பஞ்சு பிரிக்கும் கூடத்திலும் நூற்கும் கூடத்திலும் நெடுங்காலம் உழைப்போருக்கு ஒருவகை நெஞ்சடைப்பு நோய் வருவதுண்டு. அதனை மருத்துவ நூலார் பிசினோசிஸ் என்பர். வார விடுமுறை முடிந்து வேலைக்குத் திரும்பும் முதல் நாளில் அது மிகுதியாக வருத்தும். ஆதலின் மேலை நாட்டுத் தொழிலாளர் அதனைத் திங்கட்கிழமைக் காய்ச்சல் என்றும் வழங்கினர். இந்நோய் இல்லாதவர்க்கும், இரவு முறை வேலை, நெருக்கமான தங்கும் அறை, பருவமாற்றம் ஆகியவற்றால் சளியும் இருமலும் அடிக்கடி தோன்றுதல் இயல்பு.

இருமல் வந்தவுடன் தொழிலாளி செய்வது யாது? மருத்துவரிடம் சென்றால் அரை நாள் கூலி போய்விடும். ஆதலின் தேநீர் வேளையில் தெருமுனை மருந்துக் கடைக்குச் சென்று, “இருமலுக்கு ஏதேனும் கொடுங்கள்” என்கிறான். ஒரு சிறு புட்டி கைக்கு வருகிறது. அதனுள் என்ன இருக்கிறது என்பதை வாங்குபவன் அறியான். வாங்குபவனின் வயது பதினைந்தா, இருபத்தைந்தா என்பதைப் பல இடங்களில் விற்பவரும் வினவுவதில்லை. பக்கத்துப் பெட்டிக் கடையிலோ, பதினெட்டு வயது நிரம்பாதவர்க்குப் புகையிலைப் பொருள் விற்றல் குற்றம் என்று அறிவிப்புப் பலகை இருத்தல் வேண்டும் என்பது 2003-ஆம் ஆண்டுச் சட்டத்தின் விதி. பீடிக்கு வயது கேட்கும் நாட்டில், மயக்கம் தரவல்ல மருந்துக்கு வயது கேட்க வேண்டாமா? இவ்வினாவே இப்பாடத்தின் பொருளாகும்.

இருமல் பகையன்று

முதற்கண் இருமல் இன்னது என்று உணர்தல் வேண்டும். இருமல் தானே ஒரு நோயன்று. அது நோயின் அறிகுறி. உடல் தன்னைத் தானே காத்துக்கொள்ளும் முறைகளுள் அதுவும் ஒன்று. மூச்சுக் குழாயின் உட்புறம் முழுதும் நுண்ணிய குற்றிழைகள் பரவியுள்ளன. உள்ளே புகும் தூசியையும் கிருமியையும் சளியில் ஒட்டவைத்து, அவை மேல்நோக்கித் தள்ளுகின்றன. தள்ளியதை வெளியே எறியும் ஆற்றலே இருமல். மூளையின் கீழ்ப்பகுதியாகிய முகுளத்திலிருந்து இதற்குரிய ஆணை பிறக்கின்றது.

வீட்டில் திருடன் புகுந்தமை கண்டு குரைக்கும் காவல் நாயை ஒத்தது இருமல். நாயின் வாயைக் கட்டிவிட்டால் வீடு அமைதியாகும். ஆனால் திருடன் உள்ளேதான் இருப்பான். இரண்டு வாரத்துக்கு மேல் நீடிக்கும் இருமலை எவரும் புறக்கணித்தல் ஆகாது. சளியைச் சோதித்துக் காசநோய் உண்டா இல்லையா என அறிதல் வேண்டும் என்பது நம் நாட்டுக் காசநோய் ஒழிப்புத் திட்டத்தின் விதி. ஓர் அறையில் அறுவரும் எழுவரும் உறங்கும் தொழில் நகரத்தில் இவ்விதி எத்துணை இன்றியமையாதது என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை. இருமலைப் புட்டி மருந்தால் அடக்கிக்கொண்டே ஒருவன் இரு திங்கள் கழிப்பானாயின், அவனுடைய நோய் முற்றும். அருகில் உறங்குவோர்க்கும் பரவும்.

புட்டியினுள் இருப்பவை

கடைகளில் இருமல் மருந்து என ஒரே பெயரால் வழங்குவன எல்லாம் ஒரு தன்மையன அல்ல. சளியை இளக்குவன ஒருவகை. மூக்கொழுக்கையும் தும்மலையும் தணிப்பன மற்றொரு வகை. மூளையின் ஆணையையே தடுத்து இருமலை அடக்குவன மூன்றாம் வகை. இவற்றுள் இரண்டாம் வகையைச் சேர்ந்த குளோர்பெனிரமைன் என்னும் மருந்து உறக்கத்தை வருவிக்கும். அதனை உண்டு, துணி வெட்டும் இயந்திரத்தின் முன்னோ, ஓவர்லாக் தையல் இயந்திரத்தின் முன்னோ நிற்கும் தொழிலாளியின் விரல்கள் இடருக்கு உள்ளாவது திண்ணம்.

மூன்றாம் வகையின் வரலாறு மேலும் கருதத்தக்கது. அபினியிலிருந்து கோடீன் என்னும் பொருளை 1832-இல் பிரெஞ்சு வேதியியலார் ரொபிக்கே பிரித்தெடுத்தார். அது இருமலை அடக்கியது; எனினும் அளவு மீறின் மயக்கமும், நாட்பட உண்டால் விடமுடியாத பழக்கமும் தந்தது. அதனினும் சிறந்ததொரு மருந்தைத் தருவதாக எண்ணி, 1898-இல் செருமானிய மருந்து நிறுவனம் ஒன்று புதியதோர் இருமல் மருந்தைச் சந்தைக்குக் கொணர்ந்தது. அம்மருந்தின் பெயர் எராயின். உலகெங்கும் எண்ணற்ற குடும்பங்களை அழித்த அந்தக் கொடிய போதைப்பொருள், தொடக்கத்தில் இருமலுக்கு உரிய மருந்தாகவே விற்கப்பட்டது என்பதை இன்று பலர் அறியார். மருந்தென்று வந்ததெல்லாம் மருந்தாகவே நிற்பதில்லை என்பதற்கு இஃதொன்றே போதிய சான்றாகும்.

கோடீனுக்கு மாற்றாக டெக்ஸ்ட்ரோமெத்தார்பன் என்னும் மருந்து 1958-இல் அமெரிக்க நாட்டில் ஒப்புதல் பெற்றது. குறித்த அளவில் உண்டால் அது பெருந்தீங்கு விளைப்பதன்று. ஆயின் இளைஞர் சிலர் அதனைப் பன்மடங்கு மிகுதியாகக் குடித்து, மதிமயக்கத்தை நாடலாயினர். அதனால் நெஞ்சுத் துடிப்பு மிகும், இல்லாதவை இருப்பனபோல் தோன்றும், நடை தள்ளாடும். அப்புட்டியில் கலந்துள்ள பிற மருந்துகளும் அளவு மீறி உட்செல்லுமாதலால், ஈரலும் பிற உறுப்புகளும் கெடும். அளவுக்கு மிஞ்சினால் அமிழ்தமும் நஞ்சு என்னும் பழமொழி இதனினும் பொருந்துமிடம் வேறில்லை.

இளையோர்க்குத் தனிக் காப்பு ஏன்?

முதியோர்க்கும் இளையோர்க்கும் உடலமைப்பில் வேறுபாடு உண்டு. குழந்தையின் ஈரலும் சிறுநீரகமும் மருந்தைச் சிதைத்து வெளியேற்றும் ஆற்றலை முழுமையாகப் பெற்றிருப்பதில்லை. வளரிளம் பருவத்தினரின் மூளையில், விளைவை எண்ணிச் செயலைத் தடுக்கும் பகுதி இறுதியாகவே முதிர்ச்சி பெறுகின்றது. ஆதலின் அப்பருவத்தில் தொடங்கும் போதைப் பழக்கம் எளிதில் வேரூன்றும். பெரியவர்க்கு ஒரு கரண்டி மருந்து நலம் தந்தது கண்டு, சிறுவனுக்கும் அதனையே அளித்தல் பேதைமையாகும்.

இதனை உணர்ந்த நாடுகள் பல தத்தமக்கு ஏற்ற வரம்புகளை வகுத்துள்ளன. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம், டெக்ஸ்ட்ரோமெத்தார்பன் கலந்த மருந்துகளைப் பதினெட்டு வயது நிரம்பாதவர்க்கு விற்பதை 2012-ஆம் ஆண்டு முதல் தடை செய்தது. பின்னர் வேறு பல மாநிலங்களும் அவ்வழியைப் பின்பற்றின. கோடீன் கலந்த இருமல் மருந்துகள் பதினெட்டு வயதுக்கு உட்பட்டோர்க்கு உரியன அல்ல என அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2018-இல் அறிவித்தது. அதே ஆண்டில் நைசீரியா நாடு, கோடீன் கலந்த இருமல் மருந்தைச் செய்வதையும் இறக்குமதி செய்வதையும் தடுத்தது. பிரிட்டனில், மருந்துக் கடையில் மருந்தாளுநரிடம் நேரே பெறக்கூடியதாயிருந்த கோடீன் இருமல் மருந்து, 2024-இல் மருத்துவர் சீட்டு இருந்தாலன்றிக் கிடைக்காததாயிற்று.

நம் நாட்டுச் சட்டம்

நம் நாட்டில் மருந்து விற்பனை கட்டுப்பாடின்றிக் கிடந்த காலமும் ஒன்றிருந்தது. அந்நிலையை ஆராய 1930-ஆம் ஆண்டில் கர்னல் சோப்ரா தலைமையில் குழுவொன்று அமைக்கப்பெற்றது. அக்குழுவின் பரிந்துரைகளின் வழியே 1940-ஆம் ஆண்டில் மருந்துச் சட்டம் பிறந்தது. 1945-இல் அதற்குரிய விதிகள் வகுக்கப்பெற்றன. 1948-ஆம் ஆண்டுச் சட்டம் மருந்தாளுநர் என்னும் தொழிலை ஒழுங்குபடுத்தியது.

அவ்விதிகளின் பட்டியல்களுள் ‘எச்’ என்பது ஒன்று. அதில் அடங்கிய மருந்துகளைப் பதிவுபெற்ற மருத்துவரின் சீட்டின்றிச் சில்லறையாக விற்றல் ஆகாது. டெக்ஸ்ட்ரோமெத்தார்பன் அப்பட்டியலில் உள்ளது. 2013-இல் ‘எச் 1’ என்னும் கடுமையான பட்டியல் சேர்க்கப்பெற்றது. அது 2014-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் நடைமுறைக்கு வந்தது. கோடீன் அதில் இடம்பெற்றது. அப்பட்டியலில் உள்ள மருந்தை விற்கும்போது, மருத்துவர் பெயர், நோயாளி பெயர், மருந்தின் பெயர், விற்ற அளவு ஆகியவற்றைத் தனி ஏட்டில் பதிந்து, அவ்வேட்டை மூன்றாண்டு காத்தல் வேண்டும். கோடீனின் அளவு குறித்த எல்லையைக் கடந்தால், 1985-ஆம் ஆண்டுப் போதைப்பொருள் தடுப்புச் சட்டமும் பாயும். மருத்துவரின் ஆணையின்றிக் குழந்தைக்குப் போதைப்பொருளோ மனமயக்கப் பொருளோ கொடுப்போருக்கு ஏழாண்டு வரை கடுங்காவலும் ஓர் இலட்சம் ரூபாய் வரை தண்டமும் விதிக்கலாம் என 2015-ஆம் ஆண்டுச் சிறார் நீதிச் சட்டத்தின் 77-ஆம் பிரிவு கூறுகின்றது.

இவற்றை நோக்கின், நம் மருந்து விதிகள் வாங்குபவரின் வயதைக் கேட்கவில்லை, அவர் கையிலுள்ள சீட்டையே கேட்கின்றன என்பது புலனாகும். சீட்டுக் கேட்கும் வழக்கம் ஒழுங்காக நடைபெறுமாயின், வயது கேட்க வேண்டிய தேவையே பெரும்பாலும் எழாது. ஆனால் விதி ஏட்டில் இருக்க, வழக்கம் வேறாக இருப்பதே குறை. பீடிக் கடைக்காரர்க்குச் சொல்லத்தக்க எளிய வயது வரம்பு போன்றதொன்று, மருந்துக் கடைக்கும் துணை நின்றால் நலம் என்று பலர் கருதுவது இதனாலேயே.

போதைக்காக மருந்து விற்பதைத் தடுக்கும் பொருட்டு, தமிழ்நாட்டு மாவட்ட ஆட்சியர் பலர் மருந்துக் கடைகளில் கண்காணிப்புக் கேமராப் பொருத்துமாறு ஆணையிட்டுள்ளனர். திருப்பூர், கோவை வட்டாரங்களில் வலிநீக்கும் மாத்திரைகளைப் போதைக்காக விற்றோர் காவல்துறையிடம் பிடிபட்ட செய்திகளும் அடிக்கடி வெளிவந்துள்ளன. ஆதலின் தீங்கு இருமல் மருந்து ஒன்றனோடு நிற்பதன்று. 2019-ஆம் ஆண்டில் தாம்சன் ராய்ட்டர்சு அறக்கட்டளை, தமிழ்நாட்டின் ஆயத்த ஆடைத் தொழிலில் உழைக்கும் ஏறத்தாழ நூறு பெண்களிடம் உசாவியது. மாதவிலக்கு வலிக்கென்று பணியிடத்திலேயே, பெயரும் காலாவதி நாளும் குறிக்கப்படாத மாத்திரைகள் தமக்கு அளிக்கப்பட்டதாக அவர்கள் கூறினர். ஓய்வு வேண்டிய உடலுக்கு ஓய்வை மறுத்து, மாத்திரையை ஈதல் மருத்துவமாகாது. வேலை நிற்காதிருத்தற்பொருட்டு உடலை ஏமாற்றும் செயலே அது.

காஞ்சிபுரத்துப் புட்டி

இருமல் மருந்தின் வரலாற்றில் தமிழ்நாடு மறக்கவொண்ணாத துன்பம் ஒன்று 2025-ஆம் ஆண்டில் நிகழ்ந்தது. மத்தியப் பிரதேசத்தின் சிந்துவாரா மாவட்டத்தில், சாதாரணச் சளிக்கும் காய்ச்சலுக்கும் மருந்துண்ட குழந்தைகள், சிறுநீர் நின்று, சிறுநீரகம் செயலிழந்து, ஒருவர்பின் ஒருவராக மாண்டனர். இறந்தோர் தொகை இருபதைக் கடந்தது. அவர்களுள் பெரும்பாலோர் ஐந்து வயதும் நிரம்பாதவர். அவர்கள் உண்ட மருந்துகளுள் ‘கோல்ட்ரிப்’ என்பது ஒன்று. அது காஞ்சிபுரம் மாவட்டம் சுங்குவார்சத்திரத்தில் இயங்கிய தொழிற்கூடத்தில் செய்யப்பட்டது.

அக்டோபர்த் திங்கள் முதல் நாள் செய்தி எட்டியவுடன், தமிழ்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலர்கள் விடுமுறையையும் பாராது தொழிற்கூடத்தில் புகுந்து மருந்தைக் கைப்பற்றினர். சென்னை அரசு ஆய்வுக்கூடத்தில் சோதித்தபோது, அதில் டை எத்திலீன் கிளைக்கால் என்னும் நஞ்சு 48.6 விழுக்காடு கலந்திருந்தமை தெரியவந்தது. அது 0.1 விழுக்காட்டுக்கு மேல் இருத்தலாகாது என்பது விதி. தமிழ்நாடு அம்மருந்தின் விற்பனையை உடனே தடை செய்தது. தொழிற்கூடத்தின் உரிமமும் பின்னர் நீக்கப்பட்டது. ஆயினும், கண்காணிக்க வேண்டியவர்கள் முன்னரே கண்காணித்திருந்தால் அக்குழந்தைகள் பிழைத்திருப்பரன்றோ என்னும் வினா மக்கள் உள்ளத்தில் நின்றுவிட்டது.

அந்நஞ்சு மருந்தில் கலந்தது எங்ஙனம்? திரவ மருந்து கெட்டியாகவும் இனிப்பாகவும் இருத்தற்குப் புரோப்பிலீன் கிளைக்கால், கிளிசரின் முதலிய கரைப்பான்களைச் சேர்ப்பர். அச்சு மை, பிரேக் எண்ணெய் முதலியவற்றுக்குப் பயன்படும் டை எத்திலீன் கிளைக்காலும் தோற்றத்தாலும் இனிப்பாலும் அவற்றையே ஒத்தது, விலையோ குறைவு. சோதிக்காமல் வாங்கினால் இஃது அதன் இடத்தில் புகுந்துவிடும். 1937-இல் அமெரிக்காவில் இதே நஞ்சு கலந்த மருந்தால் நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். மறு ஆண்டே அந்நாடு புதிய மருந்துச் சட்டத்தை இயற்றியது. 1972-இல் சென்னை எழும்பூர்க் குழந்தைகள் மருத்துவமனையில் பத்துக்கு மேற்பட்ட குழந்தைகள் இதே நஞ்சுக்கு இரையாயினர். 2022-இல் ஆப்பிரிக்காவின் காம்பியா நாட்டில் அறுபதுக்கு மேற்பட்ட குழந்தைகள் இறந்தபோதும், ஐயம் இந்திய இருமல் மருந்துகளின் மீதே எழுந்தது. ஒரே பாடத்தை உலகம் பன்முறை கற்று, பன்முறை மறந்தது எனலாம்.

இவ்விடத்தில் ஓர் உண்மையை மறைத்தல் கூடாது. சிந்துவாராக் குழந்தைகள் தாமே கடைக்குச் சென்று மருந்து வாங்கியவர் அல்லர். மருத்துவர் எழுதிக் கொடுத்ததையே பெற்றோர் நம்பி ஊட்டினர். ஆதலின் இளையோர்க்கு விற்பதைத் தடுப்பதொன்றே எல்லாத் தீங்குக்கும் தடையாகும் என்று கருதுதல் தவறு. புட்டியில் நஞ்சு புகாமற் காப்பது செய்பவர், சோதிப்பவர் கடன். நல்ல மருந்தும் தகாத கைக்குப் போகாமற் காப்பது விற்பவர் கடன். இரண்டும் வெவ்வேறு வேலிகள். ஒரு வேலி இருத்தலால் மற்றது வேண்டா என்பது, முன் கதவைப் பூட்டியவன் பின் கதவைத் திறந்துவைத்தலை ஒக்கும். அத்துயருக்குப் பின், இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகட்கு இருமல், சளி மருந்துகளை எழுதுதல் கூடாது. ஐந்து வயதுக்கு உட்பட்டோர்க்கும் பொதுவாக அவை ஏற்றன அல்ல என மைய அரசின் நலத்துறை மருத்துவர்கட்கு அறிவுறுத்தியது.

ஏழையின் வினா

இக்கட்டுப்பாட்டை எதிர்ப்போர் கூறும் ஒரு காரணமும் செவிமடுக்கத்தக்கது. “மருத்துவரைக் காண இயலாத ஏழைக்கு மருந்துக் கடையே மருத்துவமனை. அங்கேயும் சீட்டுக் கேட்டால் அவன் எங்கே செல்வான்?” என்பர் அவர். இஃது எளிதில் தள்ளத்தக்க கூற்றன்று. ஆயிரம் பேருக்கு மிகாத சிற்றூர்களில் உரிமம் இன்றியும் சில எளிய மருந்துகளை விற்கலாம் என மருந்து விதிகள் சலுகை அளித்தமையும் இவ்வேழையை எண்ணியே ஆகும்.

எனினும் ஏழைக்கு வேண்டுவது எளிதிற் கிடைக்கும் மருத்துவமேயன்றி, எளிதிற் கிடைக்கும் புட்டியன்று. சாதாரணச் சளியால் வரும் இருமல் பெரும்பாலும் சில நாளில் தானே நீங்கும். வெந்நீர், ஓய்வு, உப்பு நீரால் தொண்டை கொப்பளித்தல் ஆகியவை அதற்குப் போதும். ஒரு வயது கடந்தவர்க்குச் சிறிது தேனும் இதம் தரும். அதற்கு உட்பட்ட குழந்தைக்குத் தேன் ஊட்டலாகாது. இவ்வகை இருமலுக்குப் பணம் கொடுத்து மருந்து வாங்குவதே வீண். நீங்காத இருமலுக்கோ, சோதனை இன்றியமையாதது. அச்சோதனை அரசு மருத்துவமனைகளில் கட்டணமின்றிச் செய்யப்படுகின்றது. திருப்பூரில் 2022-ஆம் ஆண்டு முதல் அரசு மருத்துவக் கல்லூரியும் அதன் மருத்துவமனையும் இயங்குகின்றன. ஊழியர் காப்பீட்டில் பதிவுபெற்ற தொழிலாளி, அத்திட்டத்தின் மருந்தகங்களில் மருத்துவம் பெறலாம். தொழிலாளியை அக்காப்பீட்டில் முறையாகப் பதிவு செய்வதும், நோயுற்ற நாளில் விடுப்பு நல்குவதும் முதலாளியின் கடமை. இவ்விரண்டும் செவ்வனே நடந்தால், மருந்துக் கடையில் விதிக்கும் கட்டுப்பாடு ஏழைக்குத் தடையாகாது, அரணாகும்.

ஐந்தாமவர்

வள்ளுவர் மருந்துக்கெனத் தனி அதிகாரம் வகுத்து, மருத்துவத்தை நான்கு கூறாகப் பகுத்தார். நோயுற்றவன், நோய் தீர்ப்பவன், மருந்து, அருகிருந்து துணை செய்வோன் என்பன அவை. மருந்தை விற்பவரை அவர் தனியே கூறவில்லை. இன்றோ நோயாளிக்கும் மருந்துக்கும் இடையே, ஐந்தாமவராக மருந்துக் கடைக்காரர் நிற்கின்றார். மற்ற நால்வரும் பிழை செய்தாலும், ஐந்தாமவர் விழிப்பாயிருந்தால் தீங்கு குறையும்.

இரவு முறை வேலை முடித்த பதினாறு வயதுச் சிறுவன் ஒருவன், விடியற்காலையில் மருந்துக் கடைக்கு வருவதாகக் கொள்வோம். “இருமல் மருந்து ஒரு புட்டி கொடுங்கள், அண்ணா” என்கிறான். கடைக்காரர் புட்டியை எடுக்காமல் அவன் முகத்தை நோக்குகிறார்.

“யாருக்குத் தம்பி?”

“எனக்குத்தானுங்க அண்ணா. படுத்தால் உறங்க விடுவதில்லை.”

“எத்தனை நாளாக இருமுகிறாய்?”

“இருபது நாள் இருக்குமுங்க.”

“இருபது நாள் இருமலுக்குப் புட்டி மருந்து தரலாகாது, தம்பி. உன் உடல் ஏதோ சொல்கிறது; அதன் வாயை அடைக்காதே. இன்றே அரசு மருத்துவமனைக்குப் போய்ச் சளியைச் சோதித்துக்கொள். அங்கே காசு கேட்க மாட்டார்கள். சீட்டுடன் வா, வேண்டியதைத் தருகிறேன்.”

அன்று அக்கடைக்காரர் இழப்பது ஒரு புட்டியின் ஊதியம். அச்சிறுவன் பெறுவது தன் நெஞ்சின் நலம். அவனோடு ஒரே அறையில் உறங்குவோர் பெறுவதும் அதுவே. ‘இல்லை’ என்னும் ஒரு சொல்லைத் தக்க இடத்தில் சொல்வது, சில வேளைகளில் மருந்தினும் சிறந்த மருந்தாகும்.

பள்ளி மாணவர்க்கும் இதில் பங்குண்டு. புட்டியின் மேல் ஒட்டிய தாளில் செங்கோடும், மருத்துவர் சீட்டுக்கு உரிய குறியும் உள்ளனவா எனப் பார்த்தல், காலாவதி நாளைப் படித்தல், ஒருவருக்கு எழுதிய மருந்தை மற்றொருவர் உண்ணாமை, வீட்டிலுள்ள சிறு குழந்தைகட்கு எட்டாத உயரத்தில் மருந்தை வைத்தல், தோழன் மயக்கத்துக்காக மருந்து குடிப்பதை அறிந்தால் மறைக்காமல் ஆசிரியரிடமோ பெற்றோரிடமோ உரைத்தல் ஆகிய இவை எல்லார்க்கும் இயல்வன. எழுத்தறியாப் பெற்றோர்க்கும், தமிழ் படிக்கத் தெரியாத பிற மாநிலத் தொழிலாளர்க்கும் அத்தாளைப் படித்துச் சொல்லுதல் கற்றோர் செய்யத்தக்க அறமாகும்.

திருப்பூரில் நெய்த ஆடை கடல் கடந்து செல்லுமுன், அதில் ஒரு நூல் அறுந்துள்ளதா, ஒரு தையல் பிறழ்ந்துள்ளதா என ஒவ்வொன்றாக விரித்துப் பார்ப்போர் உளர். செக்கிங் என்பது அவ்வேலையின் பெயர். குறையுள்ள ஆடை அந்த மேசையைத் தாண்டாது. உடுக்கும் துணிக்கு இத்துணைச் சோதனை செய்யும் மக்கள், தம் பிள்ளைகள் உட்கொள்ளும் மருந்துக்கும் அச்சோதனையைச் செய்யத் தொடங்குவராயின், இளையோர் வாழ்வு இழை அறாது நிலைக்கும்.